கொள்ளையராக விளையாடுபவரை நம் மாவட்டக் குழுவில் சேர்க்கலாமா?

பென்னாகரம் மாடிவீடு (விவாதத்தைத் தொடங்கியவர்)

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிப் போர் விளையாட்டை ஆடும் 17 பேர் சேர்ந்து, விளையாட்டுக்குள் நமக்கென ஒரு கார்ப்பரேஷன் (வீரர்கள் சேர்ந்து நடத்தும் குழு) தொடங்குவது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தோம். கொள்ளையராக விளையாடுபவர்களை அதில் சேர்க்கக் கூடாது என்று நான் சொன்னதை ஓசூர் அண்ணன் ஏற்கவில்லை. எழுத்தில் விவாதிப்போம் என்று அவர் சொன்னதால் என் காரணத்தை முதலில் வைக்கிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு, 12 மணிக்கு மேல், பாதுகாப்புக் குறைந்த லோ செக் மண்டலம் ஒன்றில் என் டிரேக் போர்க்கப்பலோடு நின்றிருந்தேன். ரிஃப்டர் என்ற சிறு போர்க்கப்பல் ஒன்று வந்து, தப்பியோட விடாமல் தடுக்கும் வார்ப் ஸ்க்ராம்ப்ளர் போட்டுப் பிடித்துக்கொண்டது. அடுத்த நிமிடமே அதன் கூட்டாளிகள் குரூசர் என்ற பெரிய கப்பல்கள் இரண்டில் வந்து இறங்கினார்கள். கப்பலின் கேடயம் கரைந்து கவசமும் பாதியானபோது சுடுவதை நிறுத்திவிட்டு, 4 கோடி இஸ்க் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) அனுப்பினால் விட்டுவிடுகிறோம் என்று எழுதினார்கள். கல்லூரி முடிந்து வந்து இரண்டு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து சேர்த்த பணம் அது. அனுப்பினேன். என் வாலட் பதிவில் அந்தப் பணம் போன நேரம் 18:52 (சர்வர் நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்). கப்பல் வெடித்ததாகக் கில்மெயில் (கப்பல் அழிந்ததைப் பதிவு செய்யும் அறிக்கை) காட்டும் நேரம் 18:53. “பணம் அனுப்பிவிட்டேனே” என்று நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த வேளையில், தப்பித்து ஓடியிருக்க வேண்டிய என் பாட் (கப்பல் உடைந்தால் விமானி தப்பும் உயிர்காப்புக் கூடு) ஒன்றையும் உடைத்தார்கள். திறனைக் கூட்டத் தலையில் பொருத்தியிருந்த இம்ப்ளாண்டுகளும் அதோடு போயின. இப்படிப்பட்ட வேலையைச் செய்பவர்களோடு ஒரே கொடியின் கீழ் பறக்க எனக்கு மனம் வரவில்லை.

இரவுப்பணி ஓசூர்

தம்பி, உனக்கு நடந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதை வைத்துக் கொள்ளையர் வாழ்க்கை முழுவதையும் தள்ளிவிடுவது சரியல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட இந்த விளையாட்டில், உலகம் முழுவதிலும் இருந்து வருபவர்கள் பெரும்பாலும் ஒரே அண்டத்தில்தான் ஆடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு மண்டலத்திற்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5-உம் அதற்கு மேலும் உள்ள ஹை செக் மண்டலங்களில் காரணமின்றிச் சுட்டால் காங்கார்ட் காவல் படை வந்து சுட்டவரின் கப்பலை அழித்துவிடும். (அந்தப் படை தண்டிக்குமே தவிரக் காப்பாற்றாது என்பதைப் புதியவர்கள் பலர் கப்பலை இழந்த பிறகுதான் அறிகிறார்கள்.) 0.4 முதல் 0.1 வரை உள்ள லோ செக்கில் அந்தப் படை வராது. மண்டலங்களை இணைக்கும் வாயில்களிலும் நிலையங்களிலும் உள்ள பீரங்கிகள் மட்டுமே சுடும். இந்த எல்லையைக் கடக்கும்போது விளையாட்டே எச்சரிக்கிறது.

நான் இரண்டாம் ஷிப்ட் முடித்து ஓசூரில் என் அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது மணி 11:30 ஆகியிருக்கும். ஐரோப்பாவில் அப்போதுதான் மாலை, ஆகவே வானம் நிறைந்திருக்கும். முதலில் லோக்கல் பட்டியலைப் பார்ப்பேன், மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அது காட்டும். பிறகு, சுற்றிலும் உள்ள கப்பல்களைக் காட்டும் டைரக்‌ஷனல் ஸ்கேனரைத் திறப்பேன். அதன் எல்லை ஏறத்தாழ 14.3 வானியல் அலகு. முதலில் 360 டிகிரிக்கு வைத்து ஒரு கப்பல் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கோணத்தை 60, 30, 15, 5 என்று சுருக்கிக்கொண்டே போய், எந்தச் சிறுகோள் பட்டையில் அவர் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சில இரவுகளில் 40 நிமிடம் இதே வேலையாக இருந்துவிட்டு, நான் போய் இறங்கும் நேரத்தில் அவர் கிளம்பிப் போயிருப்பார். பிடித்துவிட்டாலும், அவர் தூண்டிலாக நின்றவரா, அவருடைய ஆட்கள் பக்கத்து மண்டலத்தில் காத்திருக்கிறார்களா என்பதை மூன்று நான்கு வினாடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். கை நடுங்கும். ஆறு ஆண்டு ஆடிய பிறகும் எனக்கு நடுங்குகிறது.

இதற்கு விலையும் கொடுக்கிறேன். இப்படிச் சுடச் சுடக் குறையும் என் பாதுகாப்பு மதிப்பு இப்போது -9.8. -5-க்குக் கீழே போனவரை ஹை செக்கில் யார் வேண்டுமானாலும் சுடலாம், அரசுகளின் காவல் கப்பல்களும் துரத்தும் என்பதால் விளையாட்டின் பெரிய சந்தையான ஜீட்டாவுக்கு நான் நேரில் போக முடியாது. உடைகிற கப்பல் பெரும்பாலும் ஏதோ ஒரு வீரர் வெட்டியெடுத்த கனிமத்திலிருந்து செய்ததுதான். உடைப்பவன் இல்லாவிட்டால் வெட்டுபவனின் கனிமத்தை வாங்க ஆள் ஏது? நம் மண்ணில் ஆநிரை கவர்வதை வெட்சி என்று ஒரு திணையாகவே வைத்தார்கள்; மன்னன் ஏவிப் போவது மன்னுறு தொழில், தானே போவது தன்னுறு தொழில் என்று இரண்டையும் ஏற்றார்கள்; கவர்ந்ததைப் பங்கிடுவதற்குப் பாதீடு என்று ஒரு துறையும் உண்டு. எங்கள் கூட்டத்திலும் வந்தவர் அனைவருக்கும் சம பங்குதான். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி

ஓசூர் அண்ணா, நான் கொள்ளையரை வேட்டையாடுபவள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வெட்சியைச் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. பள்ளியில் படித்தபோது எங்களை அழைத்துப் போனார்கள். வில்லோடும் வாளோடும் நிற்கும் ஓர் உருவம், சில கற்களில் காலடியில் மாடுகள், பக்கத்தில் வட்டெழுத்து. தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய்ப் பட்டவன் என்ற பொருளில் எழுத்து வெட்டிய கற்கள் நம் வட்டாரத்தில் பல உண்டு. கவரப் போய் இறந்தவனுக்கும் கல் வைத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இருவரும் ஆயுதம் ஏந்தியவரோடு பொருதவே போனார்கள். பாலை நிலத்தில் வழிப்போக்கனை மறித்துப் பறித்தவனுக்கு நம் இலக்கியம் வேறு பெயர் வைத்தது: ஆறலை கள்வர். அவர்களுக்கு யாரும் பூச்சூட்டவில்லை.

நீங்கள் ஸ்கேனரோடு காத்திருக்கும் அந்த 40 நிமிடத்தில், உங்கள் கண்ணில் பட்டும் நீங்கள் விட்டுவிட்ட கப்பல்கள் எத்தனை, அவை எப்படிப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். உங்களை எதிர்த்து நிற்கக்கூடிய குரூசர் வந்தால் நகர்ந்துவிடுகிறீர்கள். சுரங்கக் கப்பலும் சரக்குக் கப்பலும் வந்தால் இறங்குகிறீர்கள். உங்கள் கை நடுங்குவது உண்மைதான். எதிரில் இருப்பவருக்கு நடுங்குவதற்குக்கூட அவகாசம் இருப்பதில்லையே! வெட்சி என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி ஆறலைத்தல்தான்.

குழுவில் சேர்ப்பதைப் பொறுத்தவரை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களுக்கு ஒரு கேள்வி. பணம் வாங்கிவிட்டுக் கப்பலை உடைத்தது உங்கள் ஆறு ஆண்டில் ஒருமுறையாவது உண்டா?

தொப்பூர் சரக்கு

இந்த 17 பேரில் வயதில் மூத்தவன் நான். இரண்டு லாரி வைத்திருக்கிறேன். விளையாட்டிலும் சரக்கு ஏற்றுவதுதான் என் வேலை.

ஓசூர் தம்பி எச்சரிக்கையைப் பற்றிச் சொன்னார். எங்கள் தொப்பூர் இறக்கத்திலும் பலகை இருக்கிறது. டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் அதைப் படிக்காதவர்கள் அல்லர். முன்னால் இறங்கிய பத்து முறை ஒன்றும் ஆகவில்லை என்பதால் இறங்குகிறார்கள். பென்னாகரம் தம்பியும் அப்படித்தான் போய் நின்றிருப்பார், அந்த அளவுக்கு அவர் மேலும் தவறு உண்டு. ஆனால் கணவாய் உன்னிடம் சுங்கம் வாங்கிக்கொண்டு, பிறகு உன் வண்டியைப் பள்ளத்தில் தள்ளுவதில்லை. எனக்குக் கப்பல் போவது பெரிதல்ல. சொன்ன சொல் போவதுதான் பெரிது. லாரித் தொழிலில் பாதி பேச்சு வார்த்தையில்தான் நடக்கிறது.

கொள்ளையர்கள் குழுவில் இருப்பதால் எனக்கு ஓர் ஆதாயமும் தெரிகிறது. எந்த வாயிலில் யார் எந்த நேரத்தில் நிற்பார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான் சரக்கோடு போகும்போது ஓசூர் தம்பி ஒரு மண்டலம் முன்னால் போய்ப் பார்த்துச் சொன்னால், அது நான்கு போர்க்கப்பல் துணைக்கு வருவதை விட மேல். ஆகவே சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு: நம் குழுவைச் சேர்ந்தவர் மீட்புப் பணம் வாங்கினால் அந்தச் சொல் நம் அனைவருடைய சொல். அவர் மீறினால் குழு நிதியிலிருந்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரை நீக்க வேண்டும்.

பென்னாகரம் மாடிவீடு

ஐயா, உங்கள் நிபந்தனையை நான் மதிக்கிறேன். அது நடக்கும் என்றுதான் நம்பவில்லை. மீட்புப் பணம் வாங்கி ஏமாற்றுவது இந்த விளையாட்டின் விதிகளில் குற்றமே அல்ல. நான் முறையிட்டபோது அப்படித்தான் பதில் வந்தது. 2014-இல் ஒரு வீரரை ஏமாற்றியதோடு நில்லாமல் குரல் அரட்டையில் மணிக்கணக்கில் வதைத்தவரைத் தடை செய்தபோதுகூட, நிறுவனம் கண்டித்தது விளையாட்டுக்கு வெளியே நீண்ட துன்புறுத்தலைத்தான், ஏமாற்றுவதை இல்லை. விளையாட்டை உருவாக்கியவர்களே தடுக்காததை 17 பேர் எப்படித் தடுப்போம்?

நியூட்ரலில் இறங்கியவன் என்று நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். லோக்கலில் மூன்று புதிய பெயர்கள் ஏறியதை நான் பார்த்தேன். பார்த்தும் நின்றேன்.

மாந்தோப்பு கிருஷ்ணகிரி

தடுக்க முடியாது, ஆனால் கண்டுபிடிக்க முடியும். அதற்கான வழியை நீங்களே முதல் பதிவில் காட்டிவிட்டீர்கள்: 18:52, 18:53. பணம் கொடுத்தவரின் வாலட் பதிவும் கில்மெயிலும் ஒரே சர்வர் நேரத்தில் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் மழுப்ப முடியாது. பாதிக்கப்பட்டவர் அந்த இரண்டு படங்களை அனுப்பினால் போதும் என்று நம் குழுவின் அறிமுகப் பக்கத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம். ஐயாவின் நிபந்தனைக்கு என் ஆதரவு உண்டு. இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன்: கப்பலை உடைத்த பிறகு பாட் கூட்டைத் தொடக் கூடாது. கொள்ளைக்கு அது தேவையே இல்லை. லோ செக்கில் கப்பலைச் சுட்டால் சந்தேக நபர் என்ற முத்திரைதான் விழும். பாட் கூட்டைச் சுட்டால் குற்றவாளி முத்திரை. விளையாட்டே அந்த இரண்டையும் வேறுவேறாக எடை போடும்போது நாமும் போடலாம்.

ஓசூர் அண்ணா, என் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

இரவுப்பணி ஓசூர்

ஷிப்டில் இருந்ததால் தாமதம். இரண்டு நிபந்தனைகளையும் ஏற்கிறேன்.

ஆறலை கள்வர் என்று நீ சொன்னது மனதைத் தைத்தது, தங்கை. எதிர்த்து நிற்பவரைத் தேடிப் போகும் இரவுகளும் உண்டு, ஆனால் அவை குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பலவீனமானவரைத் தேர்ந்தெடுக்காத வேட்டை எங்கும் இல்லை என்ற வாதம் என்னிடம் இருக்கிறது, அதை நான் கைவிடவும் இல்லை. இருந்தாலும் நடுகல்லை என் பக்கத்தில் இழுத்துக்கொண்டது பிழை.

உன் கேள்விக்குப் பதில்: உண்டு, ஒருமுறை. 2021-இல், ஒரு சரக்குக் கப்பலிடம் 2 கோடியே 50 லட்சம் இஸ்க் வாங்கினோம். பணம் என் கணக்கிற்கு வந்தது. நான் நிறுத்தச் சொல்லி எழுதுவதற்குள் என் கூட்டாளி சுட்டுவிட்டார். கூட்டாளி சுட்டதுதான், நான் சுடவில்லை என்று இத்தனை ஆண்டும் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் பணத்தை வைத்துக்கொண்டது நான். அந்த வாலட் பதிவு இன்று பார்க்கக் கிடைக்காது, இங்கே எழுதாவிட்டால் உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பென்னாகரம் மாடிவீடு

அண்ணா, அந்த ஆளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

இரவுப்பணி ஓசூர்

இல்லை. அவர் பெயர் கில்மெயிலில் இருக்கிறது, இன்று இரவு தேடி அனுப்புகிறேன்.

இரவுப்பணி ஓசூர்

அனுப்பிவிட்டேன். அன்று வாங்கிய பணத்தோடு கப்பலின் விலையையும் ஏற்றிய சரக்கின் விலையையும் சேர்த்து 6 கோடி. என்ன காரணம் என்று இரண்டு வரி எழுதினேன். அவர் இன்னும் விளையாடுகிறாரா என்பது தெரியவில்லை, பதில் வரவில்லை.

பென்னாகரம் மாடிவீடு

பார்த்தேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பில் நிபந்தனைகளோடு சேர்க்கலாம் என்ற பக்கம் கை தூக்குகிறேன். உங்களோடு ஒரே கப்பற்படையில் பறப்பதற்கு மட்டும் இன்னும் சில நாள் கொடுங்கள். அதற்கு முன்பு அந்த ஸ்கேனரை 5 டிகிரிக்குச் சுருக்குவது எப்படி என்று எனக்குக் காட்டுங்கள்; என்னைத் தேடி வருபவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.