சார்ட்டில் பிரஷர் இருந்தால் மாணவர் மறுபடி பார்க்க வேண்டாமா?

பந்தாய்க்காரி:
பழைய இழையில் பட்டர்வொர்த்_பிசியோ நேற்று எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்: "பிசியோ மாணவர்களுக்கு ஒரு வாரம் ஓரியண்டேஷன் என்பது வெட்டி வேலை. அரை நாள் போதும். வார்டைச் சுற்றிக் காட்டுங்கள், சார்ட் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பிரஷர் சார்ட்டிலேயே இருக்கிறது, மாணவர் மறுபடி பார்க்கத் தேவையில்லை. ஆளை எழுப்பி நடக்க வைத்தால் சரி."

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோலாலம்பூரில் ஒரு போதனா மருத்துவமனையில் இந்த ஓரியண்டேஷனில் பிசியோ மாணவர்களை முதன்முதலாக வார்டுக்குள் அழைத்துப் போகிறவள் நான். நர்ஸ் எழுதி வைக்கிற சார்ட்டில் இருப்பது விடியற்காலையில், படுத்த நிலையில் எடுத்த பிரஷர். அப்புறம் காலை மருந்து வண்டி வந்து போயிருக்கும், பிரஷர் மாத்திரை உள்ளே போயிருக்கும். மாணவர் கட்டிலருகே போய் நிற்பது பத்து மணிக்கு. சார்ட்டில் 130/80 என்று இருந்தால், எழுந்து நின்றதும் அது என்னவாகும் என்று அந்தத் தாளுக்கு எப்படித் தெரியும்? நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலோ கீழ் எண் 10 இறங்கினாலோ அது போஸ்டுரல் டிராப். அப்படி இறங்குகிறவர் சரிந்து விழலாம். பிடித்துக்கொண்டிருப்பது நேற்றுவரை வகுப்பில் எலும்புக்கூட்டைப் பார்த்துப் படித்த பிள்ளை. மறுபடி பார்க்கத் தேவையில்லையாம்!

பட்டர்வொர்த்_பிசியோ:
என் பதிவை இங்கே தூக்கி வந்து போட்டதற்கு நன்றி அக்கா. முழுப் பதிவையும் போட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். வார்டில் நர்ஸ் எடுக்கிற ரீடிங்கை நம்ப மாட்டோம் என்றால் சார்ட் எதற்கு? எங்கள் பக்கம் ஐந்து மாணவர்களுக்கு ஒரு பிரஷர் மிஷின். ஒவ்வொருவரும் படுக்க வைத்து ஒன்று, உட்கார வைத்து ஒன்று, நிற்க வைத்து இரண்டு என்று எடுத்தால் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், ஒரு நோயாளியும் நடந்திருக்க மாட்டார். மூன்று நாளாகத் தானே கழிப்பறைக்கு நடந்து போகிறவருக்குத் திரும்பத் திரும்ப எதற்குப் பார்க்க வேண்டும்? சார்ட்டில் இருக்கிறது. அவ்வளவுதான்.

பந்தாய்க்காரி:
சார்ட்டில் இருப்பது காலைப் பிரஷர் தம்பி. காலைப் பிரஷர். நாம் எழுப்புவது பத்து மணிக்கு.

பட்டர்வொர்த்_பிசியோ:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். நானும் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட்தான். பினாங்கில் இருந்தால் சின்னப் பையன் என்று அர்த்தமா?

மூன்றாம்_ஆண்டு:
அக்கா, அண்ணே, ஒரு சந்தேகம். நீங்கள் இரண்டு பேரும் எந்த நோயாளியைச் சொல்கிறீர்கள்? ஆபரேஷன் முடிந்து முதல் தடவை எழுகிறவரா, ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறவரா? அக்கா முதல் ஆளைச் சொல்கிறார், அண்ணன் இரண்டாவது ஆளைச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தாய்க்காரி:
எந்த நோயாளியாக இருந்தால் என்னம்மா, கையில் மிஷின் இருக்கும்போது பார்ப்பதில் என்ன கஷ்டம்? நம் ஆட்களை எடுத்துக்கொள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 2023இல் 15.6. மலேசிய இந்தியர்களிடம் இந்த நோய் அதிகம் என்பது யாருக்கும் புதுசு இல்லை. பல வருஷம் சர்க்கரை இருந்தால் ரத்தக் குழாயைச் சுருக்கச் சொல்கிற நரம்பே மந்தமாகிவிடும். எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும், மேலே தள்ள ஆள் இல்லை. இதோடு பிரஷர் மாத்திரை, நாள்கணக்கில் படுக்கை, சரியாகத் தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேரும்.

நம் பாட்டிகளிடம் "தலை சுத்துதா பாட்டி?" என்று கேட்டுப் பார். "பரவாயில்லடா கண்ணு, நீ பிடி" என்பார்கள். மேல் உதடு வேர்த்திருக்கும், கை சில்லென்று இருக்கும், வாய் மட்டும் பரவாயில்லை என்று சொல்லும். பிள்ளை படிக்க வந்திருக்கிறது, அதன் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறார்கள். மிஷினுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

மிஸ்ஸி_செந்தூல்:
நான் வார்டு நர்ஸ். மிஷின் மிஷின் என்று பேசுகிறீர்களே, அது யாருடைய மிஷின்? பிசியோ பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனால் திரும்ப வருவதில்லை. லிஃப்ட் பக்கத்தில் நிற்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், பெரிய கஃப் (கையில் சுற்றிக் கட்டும் பட்டை) காணாமல் போயிருக்கும். பருமனான கையில் சின்னக் கஃப்பைக் கட்டி, பிரஷர் எக்கச்சக்கம் என்று ஓடி வருவார்கள். கஃப் சின்னதாக இருந்தால் அப்படித்தான் ஏற்றிக் காட்டும். இவ்வளவும் செய்துவிட்டு எடுத்த ரீடிங்கைச் சார்ட்டில் எழுதினார்களா? இல்லை. கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

பட்டர்வொர்த்_பிசியோ:
பார்த்தீர்களா? நர்ஸ் அக்காவே சொல்லிவிட்டார். புது மாணவர் எடுக்கிற பிரஷரை நம்பலாமா? எங்கள் வார்டில் ஒரு மாணவர் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இருக்கிற கையில் கஃப்பைக் கட்டப் போனார். நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். அந்த நோயாளிக்கு உயிரே அந்தக் கைதான். இதற்குத்தான் சொல்கிறேன், மாணவர் மறுபடி பார்க்கத் தேவையில்லை.

பந்தாய்க்காரி:
ஃபிஸ்டுலா கையில் கஃப் கட்டக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உங்கள் அரை நாள் ஓரியண்டேஷனில் சொன்னீர்களா? நான் முதல் நாளே சொல்வேன். மார்பக ஆபரேஷன் செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கம் கட்டாதே, டிரிப் ஓடுகிற கையில் கட்டாதே, ஃபிஸ்டுலா என்றால் கை வைத்துப் பார், உள்ளே அதிர்வு தெரியும், அந்தக் கையை விட்டுவிடு. பிள்ளைகளின் விரலைப் பிடித்து, நோயாளியிடம் அனுமதி கேட்டு, அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்க வைப்பேன். தொட்ட பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. இதை அரை நாளில் செய்து காட்டுங்கள் பார்ப்போம்.

பட்டர்வொர்த்_பிசியோ:
உங்களுக்கு நேரம் இருக்கிறது, செய்கிறீர்கள். தலைநகரில் ஆள் பலம் உண்டு. எங்களுக்கு அனுப்பும் கல்லூரிகளில் சில, கூட ஒரு ஆசிரியரைக்கூட அனுப்புவதில்லை. கட்டணம் மட்டும் சரியாக வாங்கிக்கொள்வார்கள்.

கல்லூரி_விரிவுரையாளர்:
தனியார் கல்லூரிகளைச் சும்மா இழுக்காதீர்கள். எங்கள் மாணவர்கள் வார்டுக்கு வருமுன் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருப்பார்கள், கை கழுவும் ஐந்து தருணங்களை ஒப்பிப்பார்கள், சோப் நோட் (நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, கணிப்பு, திட்டம் என்று எழுதும் குறிப்பு) எழுதப் பழகியிருப்பார்கள். அரசுப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு முதல் இடம், எங்கள் பிள்ளைகள் வராந்தாவில் நிற்க வேண்டும். அதைப் பற்றி யாராவது பேசினீர்களா?

மூன்றாம்_ஆண்டு:
நானும் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு வாரம் ஓரியண்டேஷன் நடந்தது. சீருடை பற்றியே காலை முழுக்க ஸ்லைடு. முடி எப்படிக் கட்டணும், கைக்கடிகாரம் போடக் கூடாது, லாக் புக்கில் எந்த நிற மையில் கையெழுத்து. தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு. பிரஷர் மிஷினை யாரும் கையில் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வார்டில் "எழுப்பு" என்றார்கள். கட்டிலின் பிரேக் எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை.

பந்தாய்க்காரி:
அது ஓரியண்டேஷன் இல்லையம்மா, அது விழா. என் பிள்ளைகள் முதலில் கட்டில் பிரேக்கைக் காலால் மிதித்துப் பார்ப்பார்கள். அப்புறம் டியூப்புகளை எண்ண வேண்டும். டிரிப், டிரெயின் (காயத்திலிருந்து நீர் வடிக்கும் குழாய்), யூரின் பேக். யூரின் பேக் எப்போதும் வயிற்றுக்குள் இருக்கும் மூத்திரப்பைக்குக் கீழேதான் இருக்க வேண்டும், தூக்கிப் பிடித்தால் வெளியே வந்தது திரும்ப உள்ளே போகும். காலில் செருப்பு வழுக்குகிறதா பார்க்க வேண்டும். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்ல வேண்டும். அப்புறம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, இடுப்பில் பெல்ட் கட்டி, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே பிரஷர். நின்றதும் பிரஷர். இறங்கினால் உடனே உட்கார வை, படுக்க வை, நர்ஸிடம் சொல், எழுது.

ஆயர்_ஈத்தாம்:
நான் பிசியோ இல்லை, நோயாளி வீட்டு ஆள். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஒரு மாணவர் அந்த இடது கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அன்றிலிருந்து தோள் வலி, ராத்திரியில் முனகுகிறார். நீங்கள் எல்லோரும் பிரஷருக்கு அடித்துக்கொள்கிறீர்கள். கையை இழுக்கக் கூடாது என்று யார் சொல்லித் தருவது?

பந்தாய்க்காரி:
ஐயா, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. விழுந்த பக்கத் தோளில் சதை பிடிமானம் தளர்ந்திருக்கும், மூட்டு கீழே இறங்கியிருக்கலாம். அந்தக் கையை இழுக்கவே கூடாது. உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வைத்துத் தாங்குங்கள், அக்குளில் கை போட்டுத் தூக்காதீர்கள், அங்குள்ள பிசியோவிடம் தோளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கை விஷயமும் முதல் வாரப் பாடம்தான். அரை நாள் போதும் என்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

பட்டர்வொர்த்_பிசியோ:
அதை என் தலையில் கட்டாதீர்கள். தோளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் எழுதியது பிரஷரைப் பற்றி. சார்ட்டில் இருக்கிறது.

பந்தாய்க்காரி:
காலைப் பிரஷர்.

மிஸ்ஸி_செந்தூல்:
காலைப் பிரஷர் என்று மட்டமாகச் சொல்லாதீர்கள். அதை எடுக்க எங்களுக்கு முதுகு ஒடிகிறது.

பந்தாய்க்காரி:
மிஸ்ஸி, உங்களைச் சொல்லவில்லை. பிசியோ போன்ற துணை மருத்துவத் தொழில்களுக்கான அலைட் ஹெல்த் சட்டம் 774, 2016இல் வந்தது, 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு இல்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்று தொழில் செய்ய முடியாது. பட்டர்வொர்த்காரரும் பதிவு பெற்றவர் என்று மேலே எழுதியிருக்கிறார், நல்லது. மாணவருக்குப் பதிவு கிடையாது. பிள்ளை எழுப்பிய ஆள் விழுந்தால் பக்கத்தில் நிற்கிற நம்மைத்தானே கேட்பார்கள்? "சார்ட்டில் இருந்தது" என்று குடும்பத்துக்கு முன்னால் நின்று சொல்லத் தைரியம் இருக்கிறதா?

பட்டர்வொர்த்_பிசியோ:
இவ்வளவு காலமாக என் கையில் ஒருவரும் விழுந்ததில்லை. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் நான் எழுதியதை மாற்றிக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள். நடக்கிற ஆளுக்கு மாணவர் மறுபடி பார்க்கத் தேவையில்லை.

மூன்றாம்_ஆண்டு:
அண்ணே, இப்போது "நடக்கிற ஆளுக்கு" என்று சேர்த்திருக்கிறீர்கள். முதல் பதிவில் அது இல்லை.

பட்டர்வொர்த்_பிசியோ:
முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன். முழுப் பதிவையும் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கல்லூரி_விரிவுரையாளர்:
வராந்தா விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பந்தாய்க்காரி:
முழுப் பதிவையும் மறுபடி படித்துவிட்டேன். "நடக்கிற ஆள்" எங்கேயும் இல்லை. திங்கட்கிழமை எனக்குப் புது பேட்ச் வருகிறது. கையில் முதலில் கொடுக்கப் போவது பிரஷர் மிஷின், லாக் புக் அப்புறம்தான். யார் என்ன எழுதினாலும் என் வார்டில் பிரஷர் பார்க்காமல் ஒரு பாட்டியையும் எழுப்ப விடமாட்டேன்.

மிஸ்ஸி_செந்தூல்:
உங்கள் டிபார்ட்மென்ட் மிஷினை எடுத்து வாருங்கள். எங்களுடையதைத் தரமாட்டேன்.