கியூ-கோடு பயன்படுத்துகிற குடும்ப மருத்துவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். பயிற்சி மருத்துவர்கள் எங்கள் வாராந்திரக் கூட்டங்களில் பேசியதையெல்லாம் தொகுத்து, பொருள்வாரியாகக் கோடு (குறியீடு) போட்டு வருகிறேன். நோய் சார்ந்தவற்றுக்குச் சிக்கலில்லை, குடும்ப மருத்துவத்துக்கான நோய் வகைப்பாடான ஐசிபிசி-2 போதும். வறுமை, வீட்டுப் பிரச்சினை, வேலையின்மைக்குக்கூட அதன் ‘இசட்’ அத்தியாயத்தில் இடமுண்டு.

மருத்துவரின் பணி, அறநெறி போன்ற மற்றவைதான் சிரமம். அதற்காகத்தான் பெல்ஜியத்தின் டாக்டர் மார்க் ஜமூலும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய கியூ-கோடுகளை எடுத்தேன். மருத்துவர் சார்ந்தவை ‘கியூடி’, நோயாளி சார்ந்தவை ‘கியூபி’, அறநெறி ‘கியூஇ’ என்று பிரித்திருப்பது நம் அன்றாட வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். “அம்மாவுக்குப் புற்றுநோய்னு சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மகன் கெஞ்சுகிறார். அம்மாவோ நேராகக் கேட்கிறார். இது நோயாளியின் அறியும் உரிமையா, மருத்துவரின் உரையாடல் திறனா? இரண்டு கோடும் போடலாம் என்பது என் எண்ணம். ஆனால் எண்ணிக்கை எடுக்கும்போது இரட்டிப்பாகிவிடுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்புறம், இந்தக் கியூ-கோடு சொற்களை யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் பகிருங்கள். ‘கன்டினியூட்டி ஆஃப் கேர்’ என்பதற்குத் ‘தொடர் கவனிப்பு’ என்று போட்டிருக்கிறேன், சரியா?