கோடு கீறமுதல் எங்களையும் கேட்க வேண்டும்

குழு: எங்கட குளத்தடி

ரீச்சர் அக்கா: எல்லோருக்கும் வணக்கம். மாகாண சபைத் தேர்தலுக்குத் தொகுதி எல்லை பிரிக்கிற கதை திரும்பவும் அடிபடுகிறது. ஞாயிறு சனசமூக நிலையத்தில் கூடுவோமா? அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்த பிறகு கத்திப் பிரயோசனமில்லை. கோடு கீறமுதல் எங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

சுதன்: சபையே இல்லாத நேரத்தில் எல்லை எதற்கு அக்கா?

ரீச்சர் அக்கா: தம்பி, சபை இல்லாததற்கே இந்த எல்லைதான் காரணம். வடமாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. இடையில் 2017இல் சட்டத்தை மாற்றினார்கள். பாதிப் பேர் தொகுதியிலிருந்து, மிச்சம் விகிதாசாரத்தில். தொகுதி பிரிக்க முன்னாள் நில அளவையாளர் நாயகம் தவலிங்கம் தலைமையில் ஒரு குழு. அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார்! பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. 2 மாதத்தில் தரவேண்டிய அறிக்கை வரவேயில்லை, அதனால் தேர்தலும் இல்லை. தவலிங்கம் குழுவின் அறிக்கையில் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தை எப்படி வெட்டியிருந்தார்கள் என்று இங்கே யாராவது பார்த்தீர்களா?

கமக்கார மாமா: இல்லைப் பிள்ளை. பிரதேச சபை வட்டாரம் பிரித்தபோதும் பார்க்கவில்லை. 2018இல் வாக்குப் போடப் போன இடத்தில்தான் குளக்கட்டுக்கு அங்கால் வேறு வட்டாரம் என்று தெரிந்தது. வாய்க்கால் ஒன்று, கோயில் ஒன்று, உறுப்பினர் 2 பேர். தெருவிளக்குக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்.

வசந்தி: ஓம் மாமா, மாதர் சங்கத்துக்கும் இதே கரைச்சல்தான்.

சுதன்: ஆள்தொகை சமமாக வரவேண்டும் என்று பிரித்திருப்பார்கள்தானே?

ரீச்சர் அக்கா: அது நியாயம்தான். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே பெறுமதி இருக்க வேண்டும். ஆனால் முல்லைத்தீவு ஏறக்குறைய 2,600 சதுர கிலோமீற்றர், 6 பிரதேச செயலகப் பிரிவு. 2013இல் எங்களுக்கு 5 ஆசனம். அதில் பாதிதான் தொகுதி என்றால் இரண்டோ மூன்றோ வரும். துணுக்காயையும் கொக்கிளாயையும் ஒன்றாகப் போட்டால் சனம் உறுப்பினரைக் காண ஒரு நாள் போய்விடும். வெலிஓயாப் பிரிவு எதோடு சேரும் என்பதும் பெரிய விடயம். அங்குள்ள சிங்களச் சனமும் தங்களுக்கு நியாயம் கேட்கும். அதையும் மூடிமறைக்காமல் எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டும்.

செல்வன் (கிளிநொச்சி): நாங்களும் வன்னிதான், பாராளுமன்றத்துக்கு மட்டும் யாழ். தேர்தல் மாவட்டம். 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. மற்ற மாவட்டங்களோடு பார்க்க வாக்காளர் இடாப்பில் எங்கள் பங்கு குறையக் குறைய ஆசனமும் போகிறது. வீட்டில் 18 வயதானவர்களின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வசந்தி: 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. இங்கே காணி இருந்தும் எத்தனையோ பேர் இன்னும் புத்தளத்தில்.

சுதன்: சரி, கடிதத்தில் என்ன கேட்பது?

ரீச்சர் அக்கா: கிராம அலுவலர் பிரிவு எல்லை தெரியும்படி தமிழில் வரைபடம், அது கிராம அலுவலரான விதானையாரின் அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். கருத்துச் சொல்ல ஒரு மாதமாவது தர வேண்டும், குழு எங்கள் மாவட்டத்துக்கு வந்து அமர வேண்டும். அப்புறம், நாங்கள் சொன்னதை ஏற்காவிட்டால் காரணம் எழுத்தில் வர வேண்டும். இதை மட்டும் நான் விடமாட்டேன்.

சுதன்: 2018 அறிக்கையின் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் அக்கா. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். ஏன் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன்.

கமக்கார மாமா: நல்லது தம்பி. ஞாயிறு காலை வேண்டாம், வயலுக்கு மருந்தடிக்க வேண்டும். பின்னேரம் 4 மணி.

வசந்தி: அங்கால் வட்டாரத்துச் சங்கத்தையும் கூப்பிடுகிறேன். 2 பக்கமும் கையெழுத்து வைத்தால்தான் கணக்கெடுப்பார்கள்.

ரீச்சர் அக்கா: கட்டாயம் கூப்பிடு. கட்சிக்காரரும் வரலாம், பேசலாம். கடிதத்தில் எந்தக் கட்சியின் பெயரும் வராது. மாமா, சங்க முத்திரையைக் கொண்டு வாருங்கள்.