செஸ்னா 172-இலிருந்து 140 நாட் விமானத்துக்கு: கையைக் கடிக்காமல் எதை வாங்கலாம்?

கேள்வி: எதிர்க்காற்று

வணக்கம் நண்பர்களே. இப்போது வைத்திருப்பது 160 குதிரைத்திறன் லைக்காமிங் ஓ-320 இயந்திரம் பொருத்திய செஸ்னா 172. 8,000 அடியில் நிஜ வேகம் 110 நாட் (மணிக்கு 110 கடல்மைல்), மணிக்கு 30 லிட்டர் எரிபொருள். வழக்கமான பயணம் 300 கடல்மைல். 20 நாட் எதிர்க்காற்று இருந்தால் மூன்று மணி இருபது நிமிடம் ஆகிவிடுகிறது.

தேவை: குறைந்தது 140 நாட். பெரும்பாலும் இரண்டு பேர். வருடத்தில் ஐந்தாறு முறை இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நான்கு பேர். ஓடுபாதை 800 மீட்டர், தார் போட்டது. 172-ஐ விற்று வரும் தொகையோடு அதில் பாதியைக் கூடுதலாகப் போடமுடியும். அதற்கு மேல் முடியாது.

செஸ்னா 182 வாங்கு, இயந்திரம் பெரியது, வேகம் தானாக வரும் என்கிறார்கள். மூனி வாங்கு என்கிறார்கள் வேறு சிலர். உள்மடங்கும் சக்கரம் உள்ள விமானத்தின் பராமரிப்பை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. எதிலிருந்து யோசிக்கத் தொடங்குவது?

மறுமொழி 1: மெல்லிய இறக்கை

குதிரைத்திறனிலிருந்து தொடங்காதீர்கள். காற்றின் இழுவையிலிருந்து தொடங்குங்கள்.

பயண வேகத்தில் இழுவை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதைத் தள்ளத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏற்பக் கூடும். 110-இலிருந்து 140 நாட் என்பது 1.27 மடங்கு, அதன் கனம் 2.06. உங்கள் 172 இப்போது 75 சதவீதத்தில் 120 குதிரைத்திறன் எடுக்கிறது என்றால், அதே உடலை 140-இல் தள்ள 247 வேண்டும். அதை 75 சதவீதத்தில் தருவதற்கு 330 குதிரைத்திறன் இயந்திரம் தேவை. 182 அதே குடும்பத்து உடல். 230 குதிரைத்திறன் போட்டும் 135 நாட்டில்தான் நிற்கிறது, மணிக்கு 49 லிட்டர் குடித்துக்கொண்டு. எடை தூக்க அது அருமையான விமானம். வேகத்துக்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றம்தான்.

மூனி எம்20ஜே-யை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-இல் வந்தது. இயந்திரம் 200 குதிரைத்திறன் ஐஓ-360. 75 சதவீதத்தில் 155 நாட்டைத் தொடும். 65 சதவீதத்துக்குக் குறைத்து, எரிபொருள் கலவையை, வெளியேறும் புகையின் உச்ச வெப்பப் புள்ளியையும் தாண்டி மெலிதாக்கி ஓட்டினால் 148 நாட்டில் மணிக்கு 33 லிட்டர். 100 கடல்மைலுக்குக் கணக்குப் பாருங்கள்:

172: 27 லிட்டர்
182: 36 லிட்டர்
எம்20ஜே: 22 லிட்டர்

வேகமான விமானம் மெதுவான விமானத்தைவிடக் குறைவாகக் குடிக்கிறது. இழுவை குறைந்த உடலுக்குக் கொடுக்கும் பணம் ஒவ்வொரு பயணத்திலும் திரும்பி வரும். பெரிய இயந்திரத்துக்குக் கொடுத்தால் ஒவ்வொரு பயணத்திலும் மேலும் கேட்கும். ஆறு சிலிண்டர் என்றால் ஓவர்ஹாலின்போது (இயந்திரத்தை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும்போது) இரண்டு சிலிண்டர் கூடுதல் என்பதையும் மறக்கவேண்டாம்.

இன்னொரு கணக்கு. காற்றில்லாத நாளில் 300 கடல்மைலுக்கு 110 நாட்டில் 2 மணி 44 நிமிடம், 140-இல் 2 மணி 9 நிமிடம், 160-இல் 1 மணி 53 நிமிடம். முதல் 30 நாட் 35 நிமிடம் தருகிறது. அடுத்த 20 நாட் தருவது 16 நிமிடம்தான், ஆனால் அதன் விலை முதல் 30-இன் விலையைவிட அதிகம். 20 நாட் எதிர்க்காற்றில் முதல் பாய்ச்சலின் லாபம் 50 நிமிடமாகிறது. ஆகவே 140 முதல் 150 என்ற உங்கள் இலக்கு சரியானது. 170-க்கு ஆசைப்படாதீர்கள்.

இந்தத் தொகைக்குள் நான் பார்க்கச் சொல்வது மூனி எம்20சி, எம்20இ, எம்20எஃப்; நல்ல ஜே அகப்பட்டால் ஜே. பைப்பர் கமாஞ்சி 180, செஸ்னா 177ஆர்ஜி இரண்டும் அடுத்த வரிசை. சக்கரம் மடங்கவே கூடாது என்றால் கிரம்மன் டைகர். பைப்பர் ஆரோ நல்ல நடத்தை உள்ள விமானம்தான். ஆனால் சக்கரம் மடக்கியும் 135-ஐத் தாண்டத் திணறும்.

வி-வடிவ வால் பொனான்சா இந்த விலையில் ஆசைகாட்டும். வாலின் அசையும் பகுதிகளின் தோல் மெக்னீசியம். அரித்தால் மாற்றுத்தோல் கிடைப்பது பெரும்பாடு. வண்ணம் பூசிய பிறகு அவற்றின் எடைச் சமநிலையைச் சரிபார்த்த பதிவு லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) இல்லையென்றால் அதிர்வில் வால் கிழியும் அபாயம் உண்டு. நல்லதாக ஒன்று கிடைத்தால் பறக்கச் சொர்க்கம். மலிவாகக் கிடைப்பது நல்லதாக இருப்பது அரிது.

மறுமொழி 2: எதிர்க்காற்று (கேள்வி கேட்டவர்)

கணக்குக்கு நன்றி. 100 மைலுக்கு எவ்வளவு என்று பார்க்கத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். நான்கு பேர் ஏறினால் மூனி தாங்குமா? சி, இ, எஃப் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

மறுமொழி 3: கைநெம்புகோல்

சி: 180 குதிரைத்திறன், கார்பரேட்டர், குட்டை உடல். இ: அதே உடல், 200 குதிரைத்திறன், எரிபொருள் இன்ஜெக்‌ஷன். எஃப்: இ-யின் இயந்திரம், உடல் 25 சென்டிமீட்டர் நீளம் கூடியது, அந்த நீளத்தில் பெரும்பங்கு பின்னிருக்கைக் காலுக்குப் போகிறது. ஜே என்பது எஃப் உடலுக்குச் சாய்ந்த கண்ணாடியும் புது முகமும் போட்டு இழுவையைக் குறைத்தது. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றால் குட்டை உடலை விட்டுவிடுங்கள். எஃப் தான் உங்கள் விமானம். ஜே-யைவிட 8, 10 நாட் குறைவு. விலை வித்தியாசம் அதைவிடப் பெரிது.

எடை: எஃப், ஜே இரண்டிலும் டேங்க் 242 லிட்டர். நிரப்பினால் 174 கிலோ. பயன்சுமை (ஆள், பெட்டி, எரிபொருள் மூன்றும் சேர்த்து) விமானத்துக்கு விமானம் மாறும். 430 கிலோ என்று வைத்தால் ஆட்களுக்கும் பெட்டிக்கும் 255 கிலோதான் மீதி. ஆனால் 300 மைலுக்கு முழு டேங்க் எதற்கு? 140 லிட்டர் போட்டால் பயணம் போக ஒன்றரை மணிநேரக் கையிருப்பு இருக்கும். ஆட்களுக்கு 330 கிலோ கிடைக்கும். விளம்பரத்தில் போடும் பயன்சுமையை நம்பாதீர்கள். கடைசியாகத் தராசில் ஏற்றிய தேதியைக் கேளுங்கள். பல விமானங்களின் எடைத்தாள், கருவிகள் மாற மாறக் கூட்டிக் கழித்தே எழுதப்பட்டது. தராசில் ஏற்றினால் 15, 20 கிலோ கூடுதலாக நிற்கும்.

மடங்கும் சக்கரத்தைப் பற்றி. 1960-களின் பல மூனிகளில் சக்கரத்தைக் கையால் இழுக்கும் நெம்புகோல் உண்டு. மோட்டார் இல்லை, ஹைட்ராலிக் பம்ப் இல்லை, கெடுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. நெம்புகோல் மேலே போய்ப் பூட்டும் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு ஆய்விலும் பாருங்கள். தேய்ந்தால் பூட்டு நழுவும். மின்மோட்டார் உள்ளவற்றில், சக்கரத்தை மடக்கி இறக்கும் ஆக்சுவேட்டருக்குள் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. சிலவகை ஆக்சுவேட்டரில் அதை 1,000 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றிய பதிவு இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அதிர்வு தாங்குவது எண்ணெய் இல்லை, ரப்பர் வட்டுகள். பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் 4, மூக்குச் சக்கரத்தில் 3, ஆக 11. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியதும் அவை விரியவேண்டும். விரியாமல் அப்படியே சப்பையாக இருந்தால் செத்துவிட்டன. செத்த வட்டோடு இறங்கினால் விமானம் தவளைபோலத் துள்ளும், ஓட்டுபவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

மறுமொழி 4: நிலைச்சக்கரம்

டைகருக்காக ஒரு வார்த்தை. ஏஏ-5பி, 180 குதிரைத்திறன் ஓ-360, நிலையான சக்கரம், நிலையான கோண ப்ரொப்பெல்லர். நிஜத்தில் 135 நாட், மணிக்கு 38 லிட்டர். 140-க்கு 5 குறைகிறது, 300 மைலில் அது 5 நிமிடம். அந்த 5 நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் சக்கர இயந்திரம், ப்ரொப்பெல்லரின் கோணத்தை மாற்றும் கவர்னர், ப்ரொப் ஓவர்ஹால் மூன்றும் உங்கள் செலவுப் பட்டியலிலேயே இருக்காது. காப்பீடும் குறையும்.

பார்க்கவேண்டியது: இது ஆணி அடித்த உடல் இல்லை, பசை ஒட்டிய உடல். 1970-களின் நடுவில் சில காலம் பயன்படுத்திய ஊதாநிறப் பசை காலப்போக்கில் விட்டுப்போகும். இறக்கை, வால், ஃபிளாப் இவற்றின் பின்விளிம்பு ஒட்டுகளை விரல்நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி மாறும் இடத்தில் நின்று பாருங்கள். ஒட்டு பிரிந்திருந்தால் ஓரம் இலேசாக வாய்பிளந்திருக்கும், உள்ளே வெண்பொடி தெரியும்.

மூக்குச் சக்கரம் தானாகச் சுழல்வது, பிரேக்கால்தான் திருப்பவேண்டும். வேகமாக இறங்கி மூக்கை முதலில் வைத்தால் துள்ளும், மூன்றாவது துள்ளலில் ப்ரொப்பெல்லர் தரையைத் தட்டும். வெப்பமான நாளில் முழு எடையோடு ஏற்றம் சுமார்தான். ஓடுபாதை உயரத்தில் இருந்தால் கையேட்டின் எண்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 5: பட்டறைக்காரர்

எந்த ரகம் என்பதைவிட எந்த விமானம் என்பதுதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும். இந்த ரகங்களில் பல ஐம்பது வயதைத் தாண்டியவை. கையிலிருக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொண்டு மீதிக்கு விமானம் தேடுங்கள். முதல் வருட ஆய்வில் அது கரையும்.

பயணப்படுவதற்கு முன்பே லாக்புக் எல்லாப் பக்கத்தின் படத்தையும் வாங்குங்கள். இயந்திரம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதைவிடக் கடந்த ஐந்து வருடம் எப்படி ஓடியது என்பதைப் பாருங்கள். லைக்காமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் நின்றால் எண்ணெய் வடிந்து கேம் வெறுமையாக நிற்கும், துருப்பிடிக்கும், பிறகு ஓடும்போது அந்தத் துரு அரத்தைப்போல அறுக்கும். இந்த இயந்திரங்களுக்கு நிறுவனம் சொல்லும் ஓவர்ஹால் கெடு பெரும்பாலும் 2,000 மணிநேரம் அல்லது 12 வருடம். 20 வருடத்துக்கு முன் ஓவர்ஹால் ஆகி 400 மணிநேரமே ஓடிய இயந்திரத்தைப் ‘புதிது’ என்று விற்பார்கள். வருடம் 120 மணிநேரம் ஓடிய 1,400 மணிநேர இயந்திரம் எனக்கு அதைவிட மேல். விலையைப் பேசும்போது முதலாவதை ஓவர்ஹாலுக்கு நிற்கும் இயந்திரம் என்றே கணக்கிடுங்கள்.

ஆய்வை அந்த ரகத்தை அறிந்த, அந்த விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்கிடம் கொடுங்கள். வருடாந்திர ஆய்வு புதிதாக முடிந்தது என்ற சான்று இதற்கு ஈடாகாது. மூனிக்கு நான் பார்க்கும் வரிசை:

முதலில் உள்பக்கப் பலகைகளைக் கழற்றுங்கள். கூரையையும் ஜன்னலையும் தாங்குவது எஃகுக் குழாய்க்கூடு. ஜன்னல் ஓரம் கசிந்தால் கண்ணாடியிழைப் பஞ்சு நீரைப் பிடித்துக்கொண்டு குழாயை அரிக்கும். இங்கே ஆழ அரித்திருந்தால் அன்றே கிளம்பிவிடுங்கள், மற்றது எதையும் பார்க்கவேண்டாம். 1960 வரையிலான சிலவற்றுக்கு மர இறக்கை. அது தனிப் படிப்பு, உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து டேங்க். இறக்கையே டேங்க்; மூட்டுகளில் கசிவடைக்கும் சீலண்ட் பூசியிருக்கும். இரண்டையும் விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் அடியில் நீலக்கறை தெரிகிறதா? ஓரிடத்தில் இலேசான கறை என்றால் ஒட்டுப் போடலாம். பல இடத்தில் என்றால் பழைய சீலண்டை முழுக்கச் சுரண்டி எடுத்து மறுபூச்சு போடவேண்டும். அது பெரிய செலவு.

ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை நான்கைந்து முறை மடக்கி இறக்குங்கள். அவசர இறக்கத்தையும் ஒருமுறை முழுதாகச் செய்யவேண்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சிலிண்டருக்குள் போரோஸ்கோப் (உள்ளே பார்க்கும் குழாய்க் கேமரா) விடுங்கள். அழுத்தச் சோதனை எண் நாளுக்கு நாள் மாறும், வெளியேற்று வால்வின் முகம் மாறாது. வட்டம் சீராக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நிறம் வேறாக இருந்தால் வால்வு எரியத் தொடங்கிவிட்டது. ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மின்னும் இரும்புத்துகள் இருந்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ப்ரொப்பெல்லர் தரையில் பட்ட வரலாறு இருந்தால் இயந்திரம் பிரித்துப் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். லைக்காமிங்குக்குக் கிராங்கின் பின்முனைப் பல்சக்கரத்தையும் அதன் போல்ட்டையும் பார்க்கச் சொல்லும் கட்டாய ஆணையே இருக்கிறது. ஆரோ பக்கம் மனம் போனால், 2018-இல் ஒன்றின் இறக்கை வானில் பிரிந்த பிறகு வந்த, உலோக விரிசலைக் கண்டறியும் எட்டி மின்னோட்டச் சோதனை ஆணை அந்த விமானத்தில் நிறைவேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் பறந்து பாருங்கள். 8,000 அடியில் சொன்ன வேகம் வருகிறதா? நான்கு திசையிலும் இரண்டிரண்டு நிமிடம் பறந்து, ஜிபிஎஸ் தரைவேகத்தின் சராசரியை எடுங்கள். காற்று பலமாக இல்லாதவரை போதுமான துல்லியம். 6, 7 நாட் குறைந்தால் காரணம் பெரும்பாலும் சக்கரக் கதவோ ஃபிளாப்போ சரியாகப் படியாததுதான், இயந்திரம் அல்ல. ஆட்டோபைலட் வேலை செய்கிறதா என்று இங்கேயே பாருங்கள். பழைய ஆட்டோபைலட்டுக்கு உதிரி கிடைக்காது. புதிது போடும் தொகை உங்கள் கூடுதல் பட்ஜெட்டின் பெரும்பங்கை விழுங்கும்.

மறுமொழி 6: இரட்டை இருக்கை

ஒரே ஒரு மாற்று யோசனை. நான்கு பேர் போவது வருடத்தில் ஐந்தே முறை. அந்த ஐந்து முறைக்கு 172-ஐ வாடகைக்கு எடுக்க வழி இருந்தால், வான்ஸ் ஆர்வி-6 அல்லது ஆர்வி-9 இரண்டு பேருக்கு 155 நாட்டுக்கு மேல் தரும். நிலைச்சக்கரம், ஆர்வி-9-க்கு உங்கள் ஓ-320 வகை இயந்திரமே போதும். ஆனால் வீட்டில் கட்டிய விமானம்; கட்டியவரின் கைதான் தரம். உங்கள் நாட்டு விதி அதைப் பதிவுசெய்யவும் நீங்கள் விரும்பும் வானிலையில் பறக்கவும் அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2022, 2023 காலத்து கிட் (கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) என்றால் லேசரால் வெட்டிய பாகங்கள் மாற்றப்பட்டனவா என்று கட்டுமானப் பதிவில் தேடுங்கள். துளை ஓரத்தில் விரிசல் கண்டது அந்தக் காலத்துப் பாகங்களில்தான்.

மறுமொழி 7: எதிர்க்காற்று (கேள்வி கேட்டவர்)

இங்கே வாடகை 172 கிடையாது; ஆர்வி விலகிவிட்டது. எஃப், டைகர் இரண்டையும் தேடுகிறேன். 800 மீட்டரில் எஃப் இறங்குமா?

மறுமொழி 8: கைநெம்புகோல்

இறங்கும், வேகத்தைக் கட்டினால். எடை குறைவாக இருக்கும்போது கடைசி நேர்கோட்டில் 70 நாட். 80-இல் வந்தால் ஆற்றல் 30 சதவீதம் கூடுதல். தாழ்ந்த இறக்கை தரையை ஒட்டிய காற்றின் மெத்தையில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்று மிதக்கும். அப்போது கட்டாயப்படுத்தித் தரையில் அழுத்துபவர்கள்தான் ப்ரொப்பெல்லரை இழக்கிறார்கள். ஓடுபாதையின் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படவில்லையென்றால் திரும்ப ஏறுங்கள்.

இறக்கத்தை 172-இல் தொடங்கும் இடத்தில் தொடங்கினால் உயரத்திலேயே வந்து நிற்பீர்கள். 7,000 அடி இறங்க, நிமிடத்துக்கு 500 அடி என்றால் 14 நிமிடம். 110 நாட்டில் அது 26 மைல், 150-இல் 35 மைல். வழுக்கும் உடல், வேகத்தையும் உயரத்தையும் ஒரே நேரத்தில் குறைக்காது. பழைய மூனிகளில் சக்கரம் இறக்கும் வேக வரம்பும் குறைவு, அதற்குள் வருவதற்கு முன்கூட்டியே பவரைக் குறைக்கவேண்டும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: மடங்கும் சக்கரத்தில் எத்தனை மணிநேரம், அந்த ரகத்தில் பயிற்றுநரோடு எத்தனை மணிநேரம் கேட்கிறார்கள், முதல் வருடத் தவணை எவ்வளவு. டைகருக்கும் அதே கேள்வியைக் கேட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை அங்கேதான் தெரியும்.