ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் லேப்டாப் வைஃபையில் தானாகச் சேர்வதில்லை, ரீஸ்டார்ட் செய்தால் சேர்கிறது

கேள்வி:
விண்டோஸ் 11 லேப்டாப். மூடியை மூடி அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வைஃபை சேராமல் நிற்கிறது. பட்டியலில் நெட்வொர்க் பெயர் முழு சிக்னலோடு தெரிகிறது. அதைத் தொட்டு கனெக்ட் கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்காமலே இரண்டு நொடியில் சேர்ந்துவிடும். ஷட்டவுன் செய்து ஆன் செய்தாலும் இதே கதைதான். ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் தானாகச் சேர்கிறது. 'கனெக்ட் ஆட்டோமேட்டிகலி' டிக் இருக்கிறது. அதே ரவுட்டரில் போன்களுக்குச் சிக்கல் இல்லை. நெட்வொர்க் ரீசெட் கொடுத்துவிடலாமா?

பதில் 1:
ரீசெட் இப்போதைக்கு வேண்டாம். சேமித்து வைத்த எல்லா நெட்வொர்க்கும் பாஸ்வேர்டோடு போய்விடும், விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி நிறுவ வேண்டிவரும்.

நீங்கள் சொன்னதிலேயே துப்பு இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், வைஃபை கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர்களும் இருந்த நிலையை டிஸ்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் போடுகிறது விண்டோஸ். ரீஸ்டார்ட்டில்தான் வைஃபை டிரைவர் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பாஸ்வேர்டையோ ரவுட்டரையோ சந்தேகப்பட வேண்டாம். தூங்கி எழும்போது தடுமாறுவது டிரைவர்.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போங்கள். மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்று இருப்பதைக் கிளிக் செய்தால்தான் கீழே உள்ள டிக்குகளை மாற்ற முடியும். 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் டேப். பேட்டரி மிச்சப்படுத்த இந்தக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக் அங்கே இருக்கும். அதையும் எடுங்கள்.

பதில் 2:
கூடவே ப்ரொஃபைலையும், அதாவது அந்த நெட்வொர்க்குக்காக விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் செட்டிங்ஸையும், பார்த்துவிடுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ ப்ரொஃபைல் நேம்=' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, மேற்கோள் குறிக்குள் நெட்வொர்க் பெயரைக் கொடுங்கள். வரும் விவரத்தில் 'கனெக்ஷன் மோட்' வரியில் 'கனெக்ட் ஆட்டோமேட்டிகலி' என்று இருக்க வேண்டும். 'மேனுவலி' என்று இருந்தால் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து புதிதாகச் சேருங்கள்.

இன்னொன்று: பட்டியலில் நீங்களே 'டிஸ்கனெக்ட்' அழுத்தினால், இவர் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் தானாகச் சேர்வதை நிறுத்திக்கொள்ளும். நெட்டை நிறுத்த அந்தப் பட்டனைத் தொடாமல் வைஃபையையே ஆஃப் செய்வது நல்லது.

கேள்வி கேட்டவர்:
ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்ததும் ஷட்டவுன் பிரச்சினை போய்விட்டது. ப்ரொஃபைலில் ஆட்டோமேட்டிக்தான். ஸ்லீப்பில் மட்டும் இன்னும் அப்படியே. பவர் மேனேஜ்மென்ட் டேப்பே இல்லை. டிரைவர், டீடெயில்ஸ், ஈவன்ட்ஸ் எல்லாம் இருக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள லேப்டாப், அதாவது ஸ்லீப்பிலும் முழுதாகத் தூங்காமல் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கும் வகை. 'பவர்சிஎஃப்ஜி /ஏ' கட்டளை கொடுத்தால் 'எஸ்0 லோ பவர் ஐடில்' என்று காட்டும். இந்த வகையில் அந்த டேப் பெரும்பாலும் வராது. கார்டை எப்போது அணைப்பது என்பதை விண்டோஸும் டிரைவரும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்கின்றன. அதனால் இங்கே டிரைவர் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

டிரைவர் டேப்பில் தேதியைப் பாருங்கள். சமீபத்தில் மாறியிருந்தால் முதலில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்து முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். பழைய தேதி என்றால் லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டை நீக்கிய பிறகு நெட் இருக்காது, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறகு 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுக்கும்போது டிரைவரையும் நீக்கும் டிக்கைப் போடுங்கள். போடாவிட்டால் ரீஸ்டார்ட்டில் அதே பழைய டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் இறக்கியதை நிறுவுங்கள்.

அப்போதும் சரியாகவில்லை என்றால் அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்'. கடந்த 3 நாள் வைஃபை நிகழ்வுகள் ஒரு எச்டிஎம்எல் பக்கமாக வரும். மூடியைத் திறந்த நேரத்துக்கு நேராக என்ன பிழை என்று பார்த்து இங்கே போடுங்கள்.

பதில் 3:
மேஜையில் யுஎஸ்பி ஹப் வழியாக லேன் கேபிள் செருகுகிறீர்களா? கேபிளில் நெட் இருக்கும்போது விண்டோஸ் வைஃபையில் தானாகச் சேராமல் இருப்பது இயல்பு, அதைப் பழுது என்று தேடி அலைய வேண்டாம். ரவுட்டரில் நெட்வொர்க் பெயரை மறைத்து வைத்திருந்தால், ப்ரொஃபைலில் பெயர் ஒளிபரப்பாவிட்டாலும் சேரச் சொல்லும் டிக்கும் தேவை.

கேள்வி கேட்டவர்:
கேபிள் இல்லை, பெயரையும் மறைக்கவில்லை. டிரைவர் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. நீங்கள் சொன்ன வரிசையில் நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். பத்து முறைக்கு மேல் மூடித் திறந்தாயிற்று, ஒவ்வொரு முறையும் லாகின் திரை வருவதற்குள் சேர்ந்துவிடுகிறது. மிக்க நன்றி.