மில்லிங் செக்‌ஷனை ஜோகூருக்கு மாத்துறது சரியா?

கணக்குப்புள்ள:
வணக்கம். சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு பிரிசிஷன் என்ஜினியரிங் கம்பெனில கணக்கு பாக்குறேன். கம்ப்யூட்டர் ஓட்டுற மெஷின்ல உலோகம் வெட்டுற எங்க சிஎன்சி மில்லிங் செக்‌ஷன் மொத்தத்தையும் ஜோகூர் பாரு (ஜேபி) பக்கம் கொண்டுபோயிடலாமான்னு டைரக்டர் கேக்குறாரு, நான் போகலாம்னுதான் சொல்றேன். உற்பத்தித் துறைல வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வெளிநாட்டு ஆளுங்க மொத்தம் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுலயும் 50ஐத் தாண்டுன ஒவ்வொரு வொர்க் பெர்மிட்டுக்கும் கைத்தேர்ச்சி இருந்தா மாசம் 550 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இல்லன்னா 650 வெள்ளி அரசாங்கத்துக்கு லெவி. உள்ளூர் ஆள் போட்டா 55 வயசு வரைக்கும் முதலாளி பங்கு சிபிஎஃப் (சேமநிதி) 17 சதவீதம். வாடகை, கரண்ட் எல்லாம் தனி. 2025 ஜனவரில ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதுலேருந்து கஸ்டமருங்களே "நீங்க எப்ப அந்தப்பக்கம் போறீங்க"ன்னு கேக்குறாங்க. இதே தொழில்ல இருக்கறவங்க சொல்லுங்க.

செட்டப்காரன்:
போகாதீங்கன்னு சொல்ற கட்சி நான். மில்லிங்ல செட்டரா, அதாவது அடுத்த ஜாபுக்கு மெஷினைத் தயார் பண்ற ஆளா இருந்து இப்ப ப்ரொடக்‌ஷன் பாக்குறேன். உங்க கணக்குல ஆள் செலவு இருக்கு, லெவி இருக்கு, மெஷின் சும்மா நிக்கிற நேரம் எங்க இருக்கு? உங்க ஆர்டரெல்லாம் எத்தனை பீஸ் வரும்?

கணக்குப்புள்ள:
பெரும்பாலும் 30, 40, 50 பீஸ். ஆயிரம் பீஸ் ஆர்டர்லாம் இப்ப வர்றதே இல்ல. நிக்கிற நேரமெல்லாம் ஓவர்ஹெட்ல போயிடும், மணிக்கு இவ்வளவுன்னு மெஷின் ரேட் போட்டுத்தான் கோட் பண்றோம்.

செட்டப்காரன்:
பிரச்சனையே அங்கதான். ஒரு கணக்கு போடுவோம், நம்பர் சும்மா எடுத்துக்காட்டுக்கு. 40 பீஸ் ஆர்டர், ஒரு பீஸ் வெட்ட 6 நிமிஷம், ஆக 4 மணி நேரம். செட்டப் 3 மணி நேரம். மொத்தம் 7 மணி. மெஷின் ரேட் மணிக்கு 80 வெள்ளின்னா பீசுக்கு 14 வெள்ளி. ஜோகூருக்குப் போயி ரேட்டை 60ஆ குறைச்சாலும் அதே 7 மணி நேரத்துக்கு 10.50 வரும். இங்கயே இருந்து செட்டப்பை 3 மணிலேருந்து 1 மணிக்குக் கொண்டுவந்தா 5 மணி நேரம், 80 வெள்ளி ரேட்லயே பீஸ் 10 வெள்ளி. லோரி செலவு இல்ல, கஸ்டம்ஸ் பேப்பர் இல்ல, மெஷினைக் கழட்டி மாட்டுற செலவும் இல்ல.

அந்த 3 மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு ஒரு நாள் மெஷின் பக்கத்துல நின்னு பாருங்க. பழைய ஜாப் முடிஞ்சதும் கதவு திறந்துகிடக்கும், செட்டர் பீஸைப் பிடிக்கிற சாஃப்ட் ஜா தேடி ஸ்டோருக்குப் போவாரு, அங்க வேற ஆள் எடுத்துட்டுப் போயிருப்பான். வைஸைப் போட்டு டயல் கேஜ் வெச்சு நேர் பாக்கணும், டூல் ஒவ்வொண்ணா தொட்டு ஆஃப்செட் (டூலோட நீள அளவு) எடுக்கணும், அப்புறம் முதல் பீஸ் வெட்டி அளவு பாக்குற சிஎம்எம் ரூமுக்கு அனுப்பினா அங்க க்யூ, இன்ஸ்பெக்டர் சாப்பாட்டுக்குப் போயிருப்பாரு, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஸ்பிண்டில் சுத்தாது ஆனா வாடகை ஓடிக்கிட்டேதான் இருக்கும். இதுல பாதி வேலையை மெஷின் முந்தின ஜாபை ஓட்டிக்கிட்டிருக்கும்போதே வெளியில முடிச்சு வெக்கலாம். ஜப்பான் என்ஜினியர் ஷிகியோ ஷிங்கோ டொயோட்டால இதைத்தான் செஞ்சாரு, 1969 வாக்குல 1000 டன் பிரஸ்ஸுக்கு டை (அச்சு) மாத்த 4 மணி நேரம் ஆயிட்டிருந்தது, முதல்ல 90 நிமிஷம் ஆக்கினாங்க, அப்புறம் 3 நிமிஷம்.

காஸ்வே பயணி:
செட்டப்காரன் அண்ணே, நல்லா சொன்னீங்க, ஆனா ஜோகூருக்குப் போனா செட்டப்பைக் குறைக்கக்கூடாதுன்னு யாராவது சட்டம் போட்டிருக்காங்களா? 60 வெள்ளி ரேட்ல அதே 5 மணி நேரம்னா பீஸ் 7.50 ஆச்சே. நீங்க சொல்ற சாமர்த்தியம் எந்த ஊர்லயும் செய்யலாம், வாடகையும் லெவியும் இந்த ஊர்ல மட்டும்தான் இப்படி இருக்கு. நான் ஜோகூர்ல ஸ்கூடாய்லேருந்து தினமும் விடியுமுன்ன பைக் எடுத்து உட்லண்ட்ஸ் வர்றவன், மழையில நனைஞ்சு ஜாம்ல நிக்கிற எங்களுக்கு வீட்டுப் பக்கத்துல வேலை வந்தா வேணாம்னா சொல்லுவோம்.

செட்டப்காரன்:
தம்பி, உங்க கஷ்டம் புரியுது, எங்க கடைலயும் உங்களை மாதிரி ஆளுங்கதான் தூணு. ஒண்ணு கேக்குறேன், மனசு திறந்து சொல்லுங்க. அந்தப்பக்கம் ரிங்கிட் சம்பளம்னு சொன்னா வருவீங்களா?

காஸ்வே பயணி:
ஒரு வெள்ளிக்கு மூணு ரிங்கிட்டுக்கு மேல கிடைக்குது, அதுக்காகத்தான இவ்வளவு தூரம் வர்றோம். இப்ப வாங்குறதுல கொஞ்சம் குறைச்சாலும் வருவேன், பயண நேரம் மிச்சம். ஜோகூர் ரேட்டே தந்தா யோசிப்பேன். 2026 கடைசில எல்லை தாண்டுற ஆர்டிஎஸ் ரயில் வந்தா ஜேபி புக்கிட் சாகார்லேருந்து உட்லண்ட்ஸ் நார்த் அஞ்சு நிமிஷம்ங்கறாங்க, அப்ப இன்னும் யோசிப்பேன்.

செட்டப்காரன்:
இதான் என் பாயிண்ட்டு. கணக்குப்புள்ள சார், 60 வெள்ளி ரேட்டுன்னு போட்டதுல நல்ல செட்டர் சம்பளம் எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு பாருங்க. ஜோகூர்ல ஆபரேட்டர் கிடைப்பாங்க, ஒரு மணி நேரத்துல செட்டப் முடிக்கிற ஆளு ஏற்கனவே காஸ்வே பாலம் தாண்டி இங்க நிக்கிறாரு. அவருக்கு சிங்கப்பூர் பக்கமா சம்பளம் குடுத்தாத்தான் 7.50 வரும், குடுத்தா ரேட் 60ல நிக்காது.

ஜூரோங் பழையவர்:
நடுவுல வர்றேன். எண்பதுகள்லேருந்து இந்தத் தொழில்ல இருக்கேன். சம்பளத்தை ஏத்தி கம்பெனிங்களை மெஷின் பக்கம் தள்ளணும்னு 1979ல அரசாங்கமே ஆரம்பிச்சது, 1985ல மந்தம் வந்து 1986ல முதலாளி சிபிஎஃப் 25லேருந்து 10 சதவீதத்துக்கு இறங்கிச்சு. அப்பவும் இதே பேச்சுதான், "இங்க செலவு அதிகம், போயிடலாம்". டிஸ்க் டிரைவ் செய்ற சீகேட் 1982ல இங்க வந்தப்ப அதுக்குப் பார்ட்ஸ் வெட்டின சின்னக் கடைங்க எத்தனையோ, 2009ல ஆங் மோ கியோ ஆலையை மூடப்போறோம்னு அவங்க அறிவிச்சப்ப கிட்டத்தட்ட 2,000 பேர் வேலைக்கு ஆபத்து. மலிவா வெட்டுறேன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்த கடையை விலைக்காகவே கஸ்டமர் விட்டுட்டுப் போவான். அதனால நான் செட்டப்காரன் பக்கம்.

கணக்குப்புள்ள:
ஐயா, பெரியவர் சொன்னா மறுத்துப் பேசக் கஷ்டமா இருக்கு, ஆனா மாச முடிவுல சம்பளம் போட வேண்டியவன் நான். செட்டப்பைக் குறைக்க சட்டுனு மாட்டிக் கழட்டுற சீரோ பாயிண்ட் பிளேட், டூலை வெளியிலயே அளக்குற டூல் ப்ரீசெட்டர் எல்லாம் வாங்கணும், அதுக்கும் காசுதான். கிராண்ட் கிடைச்சாலும் முதல்ல நம்ம கைக்காசைப் போட்டுட்டுத்தான் க்ளெய்ம் பண்ணணும். செட்டர் ரெண்டு பேரும் அறுபதை நெருங்குறாங்க, இங்க படிச்சு வர்ற பையன் கூலன்ட் வாடை பிடிக்கலன்னு ஆபீஸ் வேலைக்குப் போறான். ஆளே இல்லாம எப்படி ஒரு மணி நேரத்துல முடிப்பீங்க?

செட்டப்காரன்:
நீங்க பிளேட்டுக்குப் போற காசை மட்டும் பாக்குறீங்க. மில்லிங் போனப்புறம் துவாஸ் லீஸ் பாதியா குறையுமா? சிஎம்எம் ரூம், குவாலிட்டி மேனேஜர், நீங்க, டைரக்டர் எல்லாரும் இங்கதான். அந்த ஓவர்ஹெட் முழுக்க மிச்சமிருக்கிற டர்னிங், கிரைண்டிங் தலையில ஏறும், அதுங்க ரேட் ஏறும், அடுத்த வருஷம் "டர்னிங்கும் கட்டுப்படியாகல"ன்னு நீங்களே ஷீட் போடுவீங்க. ஏரோஸ்பேஸ் பார்ட்ஸ் இருந்தா இன்னொண்ணு, இடம் மாறினா ஏஎஸ் 9102 தரநிலைப்படி முதல் பீஸ் ஆய்வைத் திரும்ப செய்யணும், எந்தெந்த அளவு பாதிக்குமோ அத்தனையும். செமிகண்டக்டர் கஸ்டமரா இருந்தா அவங்க ஒப்புதல் வர்ற வரைக்கும் ஒரு பீஸ் அனுப்ப முடியாது.

கணக்குப்புள்ள:
ஓவர்ஹெட் விஷயம் நான் பாக்காம இல்ல. துவாஸ்ல சின்ன யூனிட்டுக்கு மாறணும்ங்கறதும் திட்டத்துல இருக்கு, லீஸ் முடியற நேரத்தை ஒட்டித்தான் இந்தப் பேச்சே. ஏரோஸ்பேஸ் எங்களுக்குக் கொஞ்சம்தான், அதை இங்கயே வெச்சுக்கலாம். என் கருத்து மாறல, போகணும். ஆனா செட்டப் நேரம் எங்க ஜாப் கார்டுல தனியா ஒரு கோடு கூட கிடையாது, மெஷின் டைம்னு ஒரே நம்பர்தான் வருது, அதைப் பிரிச்சு எடுக்காம டைரக்டர்கிட்ட ஷீட்டைக் குடுக்கப் போறதில்ல.

காஸ்வே பயணி:
எல்லா மெஷினுக்கும் எழுதச் சொன்னா யாரும் ஒழுங்கா எழுத மாட்டாங்க சார், கண்ணுல பட்டதைப் போட்டுருவாங்க. எது எப்பவும் ஜாம் ஆகுதோ அந்த மெஷின் ஒண்ணுக்கு மட்டும் எழுதச் சொல்லுங்க.

செட்டப்காரன்:
ஆமா, ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் இருந்தா அதுலேருந்து ஆரம்பிங்க. கடைசி நல்ல பீஸ் வெளிய வந்த நேரம், அடுத்த ஜாப்போட முதல் நல்ல பீஸ் பாஸ் ஆன நேரம், இது ரெண்டும் போதும். சிஎம்எம்ல காத்திருந்த நேரத்தையும் அதுக்குள்ளயே வையுங்க, குவாலிட்டி கணக்குல தள்ளிடாதீங்க.