புதுப்பிப்பு: சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியை நேரில் பார்த்துவிட்டேன்!

சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவை முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன், கச்சேரியில் எங்கே நிற்கலாம் என்று கேட்டிருந்தேனே, பார்த்துவிட்டேன்! ஒலி மேசைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னவர்களுக்குப் பெரிய நன்றி. பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சின் அடிக்குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

மேடை முழுக்கப் புகையாக இருக்கும் என்று நீங்கள் சொன்னது உண்மைதான். முதல் பாட்டு முழுக்க அவருடைய கறுப்புக் கண்ணாடி மட்டும் நீல வெளிச்சத்தில் மின்னி மின்னி மறைந்தது. டிரம்ஸ் வாசிக்க ஆளே கிடையாது, 'டாக்டர் அவலான்ச்' என்று பெயர் வைத்த இயந்திரம்தான். ஆனால் அந்த அடி நெஞ்செலும்பில் வந்து இறங்குகிறதே, ஹெட்ஃபோனில் அது வரவே வராது.

1990க்குப் பிறகு அவர்கள் ஸ்டுடியோ ஆல்பம் வெளியிடவில்லை என்பதால் புதுப் பாடல்களை மேடையில்தான் கேட்க வேண்டும். அதில் ஒன்று எனக்குப் பழையவற்றைவிடவும் பிடித்துப்போனது.

அப்புறம், காதடைப்பான் கொண்டுபோகச் சொன்னவரே, நீங்கள் நல்லா இருக்கணும்!